மெசினிலை விட்டிருக்கு

கதிரைகள்

செபமாலைக்கு நான் மாஸ்க் பொருத்திவிட்ட மறுநாள் காலை, கொழும்புத்துறையில் அவருடைய வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கினார்கள். சனசமூக நிலையத்துக் கதிரைகள். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போகிற அதே கதிரைகள்தான். அந்த வீட்டில் கலியாணம் எதுவும் இல்லை என்பது ஊருக்குத் தெரியும். செபமாலை அந்நேரம் கிணற்றடியில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தார்.

கதிரை கொண்டுவந்தவர்கள் அவரைக் கண்டதும், கையில் இருந்ததைக் கீழே வைக்கவும் முடியாமல் திரும்ப ஏற்றவும் முடியாமல் நின்றார்களாம். "ஆருக்கடா?" என்று அவர் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மாதா கோயில் சுவாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் எண்ணெய்ச் சிமிழ். சாகக் கிடப்பவருக்குச் செய்கிற அந்தப் பூசுதலை அங்கே பழைய ஆட்கள் இப்போதும் அவஸ்தை என்றுதான் சொல்வார்கள்.

"சுவாமி, ஆருக்கு அவஸ்தை?"

"உனக்கெண்டுதான் சொன்னவை, செபமாலை."

சுவாமி அனுபவசாலி. மேற்கொண்டு விசாரணை வைக்காமல் இருந்து தேத்தண்ணி குடித்தார். வந்த எண்ணெய் வீணாகக் கூடாது என்று செபமாலையின் நெற்றியிலும் கையிலும் பூசிவிட்டே போனார்.

இவ்வளவையும் செபமாலையே கிளினிக்குக்கு வந்து எனக்குச் சொன்னார். சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற மனைவி றெஜினா சிரிக்கவில்லை. ஊரைக் கூட்டியது அவர். பிரான்சில் இருந்த மகன் அன்ரனையும் கூட்டியது அவர்தான். அன்ரன் அந்நேரம் விமானம் ஏறிவிட்டான்.

ஒரு சொல்

ஓய்வுபெற்ற தாதிகளிடம் அனுபவம் எழுதி வாங்குவது இப்போது ஒரு வழக்கமாகியிருக்கிறது. வேலையில் இருந்தபோது எங்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆனாலும் கேட்டதற்காக எழுதுகிறேன்.

சேவையின் கடைசி வருடங்களை நான் இதய கிளினிக்கில் கழித்தேன். பதவியின் பெயர் சிஸ்டர் இன் சார்ஜ். நடைமுறையில், அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் இன் சார்ஜ். இதயம் பலவீனப்பட்டவர்களில் நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களைக் கண்டுபிடிப்பதும், அவர்களுக்கு சீ-பாப் பழக்குவதும் ஒருநாள் என் தலையில் வந்து விழுந்தன. வேலை முதலில் வந்தது. மேசை பிறகு வந்தது. உதவிக்கு ஆள் வரவேயில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்களும் வாசிக்கலாம், அதிகம் பிழை விடுகிறவர்கள் அவர்கள்தான். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். நெஞ்சு இழுக்கும், காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை பயந்துபோய் ஆளை உலுப்பும். ஆள் முழுதாக எழும்பமாட்டார். ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். பிறகு மறுபடி அடைக்கும். விடியும்வரை இதே வேலை. ஒவ்வொரு தடவையும் பிறஷர் ஏறும், ஏற்கெனவே களைத்துப்போன இதயம் இன்னும் களைக்கும். பகலில் நாங்கள் குளிசை கொடுத்துக் கட்டியதை இரவில் நித்திரை பிரித்துப் போட்டுவிடும்.

இதற்கான வைத்தியத்தில் வெட்டு இல்லை, உடம்புக்குள் குழாய் இல்லை. மூக்கில் ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு ஹோஸ், கட்டில் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டி காற்றை அமுக்கி அனுப்பும். அந்தக் காற்று தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். மூச்சை விடுவது நோயாளிதான். பெட்டி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. மூக்குக் கண்ணாடி மாதிரி, போட்டிருக்கிற நேரத்துக்குத்தான் பலன். எல்லோருக்கும் ஒத்தும் வராது. தொண்டை திறந்திருக்க, மூச்சு விடும்படி சொல்ல மூளையே மறக்கிற ஒரு வகை உண்டு. இதயம் மோசமானவர்களில் அது அதிகம். அதனால் நித்திரையில் மூச்சை அளந்து பார்க்கிற ஸ்லீப் ஸ்டடி செய்யாமல் யாருக்கும் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, அந்தப் பெட்டிக்கு நோயாளியின் வீட்டில் என்ன பெயர் என்பது.

எங்கள் கிளினிக்கில் எல்லோரும் அதை மெசின் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் தையல் மெசின் உண்டு, தண்ணீர் இறைக்கிற மெசின் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் மெசின் ஒன்றுதான். தொண்டைக்குள் குழாய் இறக்கி, ஐ.சி.யு.வில் வைத்து, ஆளுக்குப் பதிலாக மூச்சு விடுகிற வென்டிலேட்டர். "மெசினிலை விட்டிருக்கு" என்றால் முடியப்போகிறது என்று அர்த்தம். "மெசினைக் கழட்டப் போகினம்" என்றால் முடிந்தது என்று அர்த்தம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீட்டில் முதலாவது வசனத்தைக் கேட்டால் அடுத்த பேச்சு டிக்கட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

றெஜினா மகனுக்குச் சொன்னது இது: "அப்பாவுக்கு இதயம் பலவீனமாம். பெரிய டொக்டர் மெசினிலை விடச் சொல்லிப்போட்டார். இனி மூச்சு மெசினோடைதானாம்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்லும்போது குளறி அழுதிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் அதைக் கேட்டு, ஊர் செய்யவேண்டியதைச் செய்ய ஊருக்கு அறிவித்திருக்கிறாள்.

அன்ரன் வந்தது

அன்ரன் இளந்தாரியாகப் போனவன். அங்கே வதிவிடக் காகிதங்கள் சரிவர நெடுங்காலம் பிடித்தது. அது சரிவந்த பிறகு கலியாணம், பிள்ளைகள், ஓர் உணவகத்துக் குசினியில் வேலை. மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்குக் கூட்டிவந்து அப்பாவுக்குக் காட்டவென்று லீவைச் சேர்த்து வைத்திருந்தான். அந்த லீவில்தான் தனியாக, கறுத்தச் சேர்ட்டோடு, வந்து இறங்கினான். வந்தபோது அப்பா முற்றத்தில் இருந்து இறால் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல்நாள் கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டாம் நாள் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான்.

"சிஸ்டர், மெசின் எண்டால் இஞ்சை என்ன அர்த்தம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"எனக்குத் தெரியும் தம்பி."

"அப்ப ஏன் அம்மாவுக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

நான் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் இருந்த எங்கள் பெரிய டொக்டர் தலை நிமிராமலே, தான் சீ-பாப் என்றுதான் சொன்னதாகச் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். வாசலில் நம்பர் கூப்பிடுகிறவர், மருந்து கொடுக்கிறவர், ஏற்கெனவே போட்டுப் பழகிய நோயாளிகள் எல்லோரும் மெசின் என்கிற இடத்தில், ஒருவர் மட்டும் சீ-பாப் என்று சொல்லி என்ன பலன்?

செபமாலைக்கு மகனின் கோபம் பெரிய பகிடியாக இருந்தது. "செத்தவனைப் பாக்க வந்தவன் சிஸ்டர். உயிரோடை கண்டோடனை கோவிக்கிறான்."

நான் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அன்ரனுக்குக் காட்டினேன். மாஸ்க்கைத் தன் மூக்கிலும் வைத்துப் பார்த்தான். காற்று வந்ததும் திடுக்கிட்டுக் கழற்றினான். எல்லோரும் முதல் தடவை அப்படித்தான். இதைப் போட்டுக்கொண்டு எப்படி நித்திரை கொள்வது என்று கேட்டான். இல்லாமல் அப்பா எப்படி நித்திரை கொண்டார் என்பதை ஸ்டடி றிப்போர்ட்டில் வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் கோபிக்கவில்லை.

போகிறதற்கு முதல், என் முன்னால் வைத்தே தாயிடம் ஒன்று சொன்னான். கடுமையாகச் சொல்லவில்லை. களைத்துப்போன ஆள் சொல்வதுபோலச் சொன்னான்.

"அம்மா, இனி அழுது குளறிக்கொண்டு கோல் எடுக்காதேங்கோ. எனக்கு அங்கை கைகால் ஓடுதில்லை. என்னெண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ. இப்பிடி நினைச்ச உடனை வர எனக்கு ஏலாது."

றெஜினா ஓம் என்று தலையாட்டினார்.

நல்ல நோயாளி

சீ-பாப் எடுத்துப்போகிறவர்களில் பலர் அதை அலுமாரியின் மேல் வைத்துவிடுவார்கள். மூக்கு காய்கிறது, வயிறு ஊதுகிறது, மனுசி பயப்படுகிறாள் என்று ஆளுக்கொரு காரணம். செபமாலை வைக்கவில்லை. வந்த மகனை வீணாகத் திருப்பி அனுப்பியதற்கு ஈடாக ஒழுங்காகப் போட்டார் என்று நினைக்கிறேன்.

பிழைகள் விட்டார். லீக் அடிக்கிறது என்று ஸ்ட்ராப்பை மூக்கில் தழும்பு விழும்வரை இறுக்கினார். இறுக்க இறுக்க லீக் கூடும் என்பதை நம்பவைக்க எனக்கு இரண்டு கிளினிக் பிடித்தது. அடுத்தது தண்ணீர். காற்றை ஈரமாக்குகிற ஹியூமிடிஃபையருக்கு டிஸ்டில்ட் வோட்டர்தான் விடவேண்டும். றெஜினா கிணற்றுத் தண்ணீரை விட்டார். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். அதையே இதற்குள்ளும் செய்தது. வெள்ளைப் படை படிந்த டாங்கைக் கொண்டுவந்து காட்டியபோது, இது என்ன கிணறு என்று கேட்டேன்.

"எங்கடை கிணறுதான் சிஸ்டர். கொஞ்சம் மாதா கோயில் தீர்த்தமும் விட்டனான்."

தீர்த்தத்தைப் பற்றிக் கம்பனியின் கைநூலில் ஒன்றும் இல்லை. தீர்த்தத்தைக் கட்டிலின் தலைமாட்டில் தெளிக்கும்படியும், டாங்குக்குள் போத்தல் தண்ணீரை விடும்படியும் சொன்னேன். இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன.

மற்றப்படி எல்லாம் நல்லதாகவே நடந்தது. கால் வீக்கம் வற்றியது. பிறஷர் குளிசையில் ஒன்றைப் பெரிய டொக்டர் குறைத்தார். முன்பு செபமாலை கிளினிக் வாங்கிலேயே நாடி நெஞ்சில் முட்ட நித்திரையாகிவிடுவார். நம்பர் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் தட்டி எழுப்பவேண்டும். இப்போது எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றார். "பூசையிலை பிரசங்கம் முழுக்க முழிச்சிருக்கிறன் சிஸ்டர். அது ஒண்டுதான் இப்ப கரைச்சல்" என்றார்.

பின்னேரங்களில் மகன் வீடியோவில் வருவான். இவர் பேரப்பிள்ளைகளுக்காக மாஸ்க்கைப் போட்டுக் காட்டுவார். பிள்ளைகள் அவருக்கு யானை அப்பு என்று பேர் வைத்தன. கதைத்து முடிக்கிறபோது அன்ரன் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: மெசினைப் போட்டாச்சோ? போட்டாச்சு என்றால் அவனுக்கு நிம்மதி. ஊருக்குச் சாவாக இருந்த சொல் அந்த வீட்டில் பூனைக்குட்டியாகிவிட்டது. நானும் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டேன். படித்த ஆட்களும் சில நேரம் எதற்குச் சந்தோசப்படுகிறோம் என்று தெரியாமல்தான் சந்தோசப்படுகிறோம்.

உடம்பு தேறியதும் செபமாலை மறுபடி கடலேரியில் இறங்கினார். களங்கண்டி என்று சொல்வார்கள். ஆழமில்லாத தண்ணீரில் தடி நட்டு, வலை கட்டி, மீனையும் இறாலையும் வளைக்கிற தொழில். நெஞ்சளவு தண்ணீரில் நிற்கவேண்டும். மாரியில் இறங்கவேண்டாம் என்று நான் சொன்னேன். இறால் மாரியில்தான் வரும் என்று அவர் சொன்னார். இரண்டும் சரி.

குளறாமல்

அந்த மாரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சளி என்று சில நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. பலவீனமான இதயம் அதைத் தாங்கவில்லை. வார்ட்டில் முதலில் மாஸ்க் வைத்துப் பார்த்தார்கள். அது போதாமல் போகவே, விடிய ஐ.சி.யு.வுக்கு எடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் விட்டார்கள்.

இரவு போடுகிற பெட்டிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பெட்டி நிமோனியாவுக்கு மருந்தல்ல.

கிளினிக்கில் செய்தி கேள்விப்பட்டு மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் மேலே போனேன். றெஜினா ஐ.சி.யு. வாசலில் வாங்கில் இருந்தார். மடியில் செருப்புப் பை. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றவேண்டும் என்பதால் கையோடு கொண்டுவந்திருந்தார். முகம் காய்ந்து கிடந்தது. அழுத முகம் இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

"உள்ளை பாத்தனீங்களோ அக்கா?"

"பாத்தன். கண் முழிக்கேல்லை. டொக்டர்மார் ஒண்டும் சொல்லேலாது எண்டினம்."

"அன்ரனுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"ஓம் சிஸ்டர். காலமையே எடுத்தனான். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவன். அப்பாவுக்குச் சளிக் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கு, மெசினிலை விட்டிருக்கினம் எண்டு சொன்னனான்."

"என்ன சொன்னவர்?"

"அப்ப நல்லம் எண்டவன். ஒழுங்காப் போடச் சொல்லுங்கோ, கழட்ட விடாதேங்கோ எண்டவன்."

அவர் என் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, ஒரு பாடத்தை ஒழுங்காகச் செய்து முடித்த பிள்ளை சொல்வதுபோலச் சொன்னார்.

"போனமுறை நான் குளறினதாலைதானே அவன் விழுந்தடிச்சு வந்தவன். இந்தமுறை நான் குளறேல்லை சிஸ்டர். ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்திகளைச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது, பயிற்சியில் சொல்லித் தருவார்கள்: இருக்கவைத்துச் சொல், சுருக்கமாகச் சொல், கேட்டதை விளங்கினார்களா என்று பார். அந்த வாங்கில் அந்த முறை எதற்கும் உதவவில்லை. அன்ரனின் காதில் விழுந்தது பின்னேரங்களில் யானை அப்பு போட்டுக் காட்டுகிற மெசின் என்று இவருக்குச் சொல்லவேண்டும். சொன்னால், நீ அழாமல் இருந்தது பிழையாகிவிட்டது என்று சொன்னதாகிவிடும்.

அதைச் சொல்லாமல், அன்ரனோடு நானும் கதைக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி அவருடைய போனை வாங்கினேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. குசினியில் நிற்கிறவன், போனை உடுப்பு மாற்றுகிற இடத்தில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று றெஜினா சொன்னார். மறுபடி எடுத்தேன். பிறகு தாழ்வாரத்தின் மற்றப் பக்கத்துக்குப் போய், வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினேன்.

"தம்பி, நான் கிளினிக் சிஸ்டர் கதைக்கிறன். அப்பாவுக்கு இப்ப போட்டிருக்கிறது இரவிலை போடுற மெசின் இல்லை. இது மற்ற மெசின். ஐ.சி.யு.விலை இருக்கிறார். வாறதெண்டால் உடனை வாங்கோ."

இவ்வளவுதான் விசயம். இரண்டு மெசினுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

பொழுது பட்ட பிறகுதான் அன்ரனின் கோல் வந்தது. நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன். அவன் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டான்: அப்பாவுக்குக் காது கேட்குமோ? கேட்கலாம் என்றேன். உறுதியாக யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்கும் என்று நினைத்துத்தான் எங்களை நோயாளியின் முன்னால் கதைக்கப் பழக்கியிருக்கிறார்கள். ஐ.சி.யு.வில் நின்ற தாதிப் பிள்ளை நல்லவள். போனைப் பொலித்தீன் பையில் போட்டு வாங்கி, செபமாலையின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

மன்னிப்புக் கேட்பான், அழுவான் என்று நான் நினைத்தேன். அவன் ஏசினான்.

"மாரிக்குள்ளை ஏன் அப்பா இறங்கினனீங்கள்? எத்தினை தரம் சொன்னனான். ஆர் இப்ப இறால் கேட்டது?"

பிறகு நாளைக்கு விமானம் ஏறுவதாகவும் வந்து மிச்சத்தை ஏசுவதாகவும் சொன்னான். செபமாலையின் மொனிட்டரில் எந்த மாற்றமும் இல்லை. கதைகளில் வருவதுபோல ஒரு விரல்கூட அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் காலை, அன்ரன் அங்கே விமான நிலையத்துக்கு வெளிக்கிட முதல், அப்பா இறந்துவிட்டார். உடலைப் பழுதாகாமல் பதப்படுத்தி, மகன் வரும்வரை வைத்திருந்து அடக்கம் செய்தார்கள். எங்கள் ஊரில் இப்போது பெரும்பாலான சாவீடுகள் விமானத்துக்குக் காத்திருக்கிற சாவீடுகள்தான்.

அளவு

அடக்கம் முடிந்து சில நாளில் அன்ரன் சாவகச்சேரியில் என் வீட்டுக்கு வந்தான். அப்பாவின் பெட்டியை ஒரு பையில் கொண்டுவந்திருந்தான். வேறு யாருக்காவது உதவும் என்றான். மாஸ்க்கையும் ஹோஸையும் எறிந்துவிட்டு, ஃபில்டர் மாற்றி, பெட்டியைச் சுத்தப்படுத்தி, புது ஆளுக்குரிய காற்றழுத்த அளவை வைத்தால் உதவும்தான். அதைச் சொன்னேன். அதைக் கேட்க அவன் வரவில்லை என்று தெரிந்தும் சொன்னேன்.

பையைக் கதிரைப் பக்கம் வைத்துவிட்டுச் சொன்னான்.

"நான் 'அப்ப நல்லம்' எண்டு சொன்னனான் சிஸ்டர். அம்மா அப்பாவை மெசினிலை விட்டிருக்கு எண்டு சொல்ல, நான் அப்ப நல்லம் எண்டு சொல்லிப்போட்டு பஸ் ஏறினனான்."

யாருடைய பிழையும் இல்லை என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் பிழை செய்தவர் ஒருவர் இருந்தால் மனிதருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கிறது. இதில் அந்த ஆறுதலும் இல்லை. நான் தேத்தண்ணி போட எழுந்து போனேன்.

குசினியில் நிற்கும்போதே குறட்டைச் சத்தம் கேட்டது. நாள் கணக்காக நித்திரை இல்லாத ஆள், கதிரையில் சாய்ந்ததும் கண் அயர்ந்துவிட்டான் என்று நினைத்தேன். குறட்டைக்கு நான் பயப்படுவதில்லை. திடீரென்று அது நின்றது. அதற்குத்தான் பயப்படுவேன். கேத்திலை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தேன். தலை பின்னால் சாய்ந்திருந்தது. தகப்பனின் அதே தடித்த கழுத்து. நெஞ்சு இழுத்தது, வயிறு இழுத்தது, காற்று மட்டும் போகவில்லை. பிறகு தொண்டை பிய்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு வந்தது. மறுபடி குறட்டை. மறுபடி நின்றது. நான் தோளைத் தட்டினேன்.

"தம்பி."

திடுக்கிட்டு விழித்தான். "குறட்டை விட்டனானோ?"

"விட்டியள். நிப்பாட்டியும் விட்டியள்."

அவனுக்கு விளங்கியது. மனைவியும் சொல்கிறவள் என்றான். பயந்துபோய் முதுகில் குத்தி எழுப்புகிறவளாம். பிறஷர் பார்த்ததுண்டா என்று கேட்டேன். பார்த்ததில்லை. களைத்த ஆள் யாரும் குறட்டை விடலாம், இதை வைத்து நான் ஒன்றையும் முடிவாகச் சொல்லமாட்டேன், ஆனால் போனவுடன் அங்கே டொக்டரிடம் சொல்லி ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்யவேண்டும், இதயத்தையும் காட்டவேண்டும் என்று சொன்னேன். வழக்கமாக நோயாளிகள் இந்த இடத்தில் வாதாடுவார்கள். அவன் வாதாடவில்லை. பையை இழுத்துத் தன் காலடியில் வைத்தான்.

"அப்ப இதை நானே கொண்டு போகட்டோ?"

"இல்லைத் தம்பி. இது அப்பாவின்ரை அளவு. உங்களுக்குத் தேவையெண்டால் உங்கடை அளவை அவையள் பாத்துத் தருவினம்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். வாசல் வரைக்கும் போய் நின்று, அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

சொல்லிக் காட்டுதல்

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கிளினிக்கில் ஒரு வேலையைச் செய்தேன். சுற்றறிக்கை எதிலும் அது இல்லை. சீ-பாப் வாங்குகிற வீட்டாரைப் போகவிட முதல், "வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளுக்கு என்ன சொல்லப் போறியள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கோ" என்பேன். வெட்கப்படுவார்கள். விடமாட்டேன். மெசினின் பேரை விட்டுவிட்டு ஆளைப் பற்றிச் சொல்லும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லவைப்பேன்: அப்பா நடமாடுறார், சாப்பிடுறார், இரவிலை மூச்சு ஒழுங்கா வர மூக்கிலை ஒண்டு போடுறார். ஐ.சி.யு. வாசலிலும் இதே முறைதான்: கண் முழிக்கேல்லை, தன்பாட்டிலை மூச்சு விடேல்லை, வந்து பாருங்கோ.

இளம் தாதிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. மாஸ்க்கின் அளவை எடுக்கிற நேரத்தில் சொல்லின் அளவையும் எடுங்கள். நாங்கள் கொடுக்கிற சொல் ஆஸ்பத்திரி வாசலோடு நிற்பதில்லை. அது கடல் தாண்டிப் போய், அங்கே இருக்கிற ஒருவரை விமானத்தில் ஏற்றும், அல்லது வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றும்.

சில மாதங்களுக்கு முன் றெஜினா போன் எடுத்தார். முதலில் தன்னுடைய பிறஷர் குளிசையைப் பற்றிக் கேட்டார். சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிறகு மகனின் பேச்சுக்கு வந்தார்.

"அன்ரன் இப்ப நல்லா நித்திரை கொள்ளுறானாம் சிஸ்டர். எப்ப எடுத்தாலும் அதைத்தான் முதல் சொல்லுறான். முகமும் தெளிஞ்சு கிடக்கு. ஆனா கமராவிலை கட்டில் பக்கம் காட்டுறானில்லை."

"நல்லா நித்திரை கொண்டால் நல்லதுதானே அக்கா."

"நல்லதுதான். மெசினோ எண்டு நான் கேக்கேல்லை."

"கேக்கலாமே. பயப்பிட ஒண்டும் இல்லை."

"கேட்டால் அவன் ஓம் எண்டு சொல்லுவான் சிஸ்டர். பிறகு நான் குளறாமல் இருக்கவேணும்."